சூடம் மண்டோரும் சேவல் திருடிய கணினியும்

ஆயுத பூசையன்று கணினிக்குச் சூடம் காட்டியவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் இருப்பார்கள். கணினியையே சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மலேசியாவில், பகாவ் என்கிற ஊரில் இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். எல்லாம் என் தலையெழுத்து.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சூடம் மண்டோர் என்றால் பகாவ் பஸ் நிலையத்தில் நிற்கிற நாய்க்குக்கூடத் தெரியும். ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோராக ஆயுசு முழுக்க இருந்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எது காணாமல் போனாலும் சந்தேகப்பட்டவனை முனியாண்டி கோயில் வாசலுக்கு இழுத்து வந்து, சூடத்தை ஏற்றி, "அடிடா" என்பாராம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் கண் அவிந்துபோகும். அரிவாள் காணோம் என்றாலும் சூடம், ஆட்டுக்குட்டி காணோம் என்றாலும் சூடம். ஒருவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தம்பின் ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனதற்கு, அவன் மாமியாரையே சூடம் அடிக்கச் சொன்னவர் இவர்.

இப்படிப்பட்ட மனிதருக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

பகாவில் ஒரு டயர்க்கடைக்கு மேல்மாடியில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு அறை எடுத்திருந்தது. எதைக் கேட்டாலும் மனிதன் மாதிரியே பதில் எழுதும் கணினி மாடல்கள் இப்போது எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றனவே, அப்படித் தமிழில் பேசும் ஒன்றைத்தான் அவர்கள் வைத்திருந்தார்கள். அதைப் பேச வைப்பது அவர்கள் வேலை இல்லை. அது யாருக்கும் கெடுதல் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. புளுகக்கூடாது, தப்பான வைத்தியம் சொல்லக்கூடாது, நயமாகப் பேசி ஏமாற்றினாலும் வழி தவறக்கூடாது. ஆங்கிலத்தில் அது ஒழுங்குப் பிள்ளையாக இருந்ததாம். தோட்டத்துத் தமிழில் கேட்டால் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் தோட்டத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் அதை அப்படியே தட்டச்சு செய்து, வந்த பதிலைப் படித்துக் காட்டி, இருவருமாக மதிப்பெண் போட வேண்டும். நான் பாலர் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்த நேரம். தட்டச்சுக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள்.

மண்டோருடைய நேர்முகத் தேர்வின்போது நானும் அங்கேதான் இருந்தேன். குழுவின் தலைவி வாணி சின்னப் பெண், ஆனால் முனைவர் பட்டம் வாங்கியவள். மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஐயா, இதுல உங்களுக்கு என்ன எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு?"

"எக்ஸ்பீரியன்ஸா? பொய் சொல்றவன் மூஞ்சியப் பாத்தாலே சொல்லிருவேன் லா."

"இதுக்கு மூஞ்சி இல்லையே ஐயா."

மண்டோர் தாடையைத் தடவினார். "மூஞ்சி இல்லையா? அப்ப சூடம்தான்."

வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

முதல் நாள் பகல் சாப்பாட்டின்போது, "இந்த வயசுல வீட்ல கால நீட்டி உக்காராம ஏன் அண்ணே இங்க வந்தீங்க?" என்று கேட்டேன். நான் வந்தது ஏர்கோனுக்காக. அவரும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன்.

"டீச்சர், இந்தப் பேசுற சாமானை மொதல்ல எங்க குடுத்துப் பாக்கப் போறாங்க தெரியுமா? கோலா சாவாவுல. அங்கதான் என் தம்பி இருக்கான்."

"நல்லதுதானே?"

"என்னா நல்லது? அவனுக்குச் சக்கர வியாதி. கால்ல புண்ணு வந்து ஆறவே மாட்டேங்குது. கிளினிக்குக்குப் போடான்னா போக மாட்டான். அவன் பொண்டாட்டி தெய்வானை எனக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு போன் பண்ணி அழுவுது. அவன் எவன் பேச்சையும் கேக்க மாட்டான். போன்ல வந்துச்சுன்னா மட்டும் வேதவாக்கு. இவன் போயி அவன்கிட்ட ஏதாச்சும் பொய்யச் சொன்னான்னு வைங்க, காலு போயிரும்."

இவன் என்று அவர் சொன்னது கணினியை.

"நீங்களே போயிச் சொல்லக் கூடாதா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவன் என்கிட்ட பேசுறதில்ல. வருசக்கணக்காச்சு. அது ஒரு சேவல் விசயம்." சொல்லிவிட்டு மோரை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

ஒரு மனிதனுடைய கால் இந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்தபிறகு ஏர்கோன் காற்று அவ்வளவு சுகமாக இல்லை.

அடுத்த நாளே அரங்கேற்றம். மண்டோர் தன் தோட்டத்து முனியாண்டி கோயிலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். கணினி தயங்கவே இல்லை. அந்தக் கோயிலை ஒரு வெள்ளைக்காரத் துரை கனவு கண்டு கட்டினார், குடமுழுக்குக்கு யானை வந்தது, கருவறைக்கு அடியில் சுரங்கப்பாதை உண்டு என்று பக்கம் பக்கமாகப் பொழிந்தது. நான் படிக்கப் படிக்க மண்டோரின் முகம் சிவந்தது.

"யானையா? நாலு தகரத்த நட்டு நான் கட்டுன கோயிலு லா அது!"

அடுத்த நிமிடம் பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின் மூடி வந்தது. மூடியில் சூடம் வந்தது. நான் "ஐயோ அண்ணே" என்பதற்குள் தீக்குச்சியும் வந்துவிட்டது. திரைக்கு முன்னால் சூடம் எரிகிறது.

"எழுதுங்க டீச்சர். டேய், முனியாண்டி சாட்சியாச் சொல்லு. இந்தச் சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ணு. நீ சொன்னது நெசமா?"

எழுதினேன். எழுதிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"அவனுக்குக் கை இல்லயே. அவனுக்குப் பதிலா நீங்க அடிங்க."

"நானா? அது பொய் சொன்னா யாரு கண்ணு அவியும்?"

"அத அப்புறம் பாத்துக்கலாம் லா. அணையப் போவுது, அடிங்க!"

அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மண்டோர் குரலுக்கு அப்படி ஒரு சக்தி, கை தானாகப் போய்விட்டது. உள்ளங்கை சுட்டது. கூரையில் இருந்த புகை மணி அலறியது. கீழே டயர்க்கடை முதலாளி தவுக்கே "அலாமா! அப்பி! அப்பி!" என்று, தீ தீ என்பதை மலாயில் கத்திக்கொண்டு தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். வாணி தன் அறையிலிருந்து ஓடி வந்து, எரிந்துபோன கையோடு நிற்கிற என்னையும் புகையையும் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் திரையில் பதில் வந்திருந்தது. நான் படித்தேன். "மன்னிக்கவும் ஐயா. அந்தக் கோயிலைப் பற்றி எனக்கு உறுதியான தகவல் எதுவும் இல்லை. நான் முன்பு சொன்னவை உண்மை அல்ல."

தவுக்கேகூட வாயைப் பிளந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் மண்டோர். "சூடம் லா!"

வாணி பொறுமையாக விளக்கினாள். கணினிக்குத் தீயும் தெரியாது, முனியாண்டியும் தெரியாது. அதற்குத் தெரிவது நாம் எழுதுகிற வார்த்தை மட்டும்தான், சத்தியம் என்ற வார்த்தை வந்ததும் தன் பதிலை மறுபடி யோசித்திருக்கலாம், அவ்வளவுதான் என்றாள். இருந்தாலும் அவள் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. தீப்பெட்டியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டு, சூடம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதைதான். அன்றிலிருந்து மண்டோருக்குத் தலைகால் புரியவில்லை. தீ இல்லாவிட்டால் என்ன, பிஸ்கட் மூடியில் சூடக் கட்டியை வெறுமனே வைத்துவிட்டு, "எரியுதுன்னு நெனச்சுக்கிட்டு அடிங்க டீச்சர்" என்றார். காலையில் கணினியைச் சூடம் அடிக்கச் சொல்வார். பத்து மணிக்குத் தே தண்ணீர் கொண்டுவருகிற பெண்ணை, பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்று சூடம் அடிக்கச் சொல்வார். ஒருநாள் வாணி தாமதமாக வந்து, லோரி கவிழ்ந்து சாலை அடைபட்டது என்றாள். மண்டோர் மூடியை அவள் பக்கம் நகர்த்தினார். முனைவர் பட்டம் வாங்கிய பெண், சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுபேச்சு இல்லாமல் அடித்தாள்.

மதிப்பெண் போடுவதிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. கணினி "மன்னிக்கவும் ஐயா, நான் சொன்னது தவறு" என்று எழுதிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"தப்ப ஒத்துக்கிட்டான்லா? முழு மார்க்கு போடுங்க."

"மொதல்ல சொன்னது தப்பா இல்லையான்னு பாக்க வேணாமா அண்ணே?"

"தப்பில்லாமயா மன்னிப்புக் கேக்குறான்? போடுங்க டீச்சர்."

நானும் போட்டேன். எங்கள் மேசையில் கணினி வாரி வழங்கும் மன்னிப்பைப் பார்த்து, மற்ற மேசைக்காரர்களும் சூடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாடி முழுக்கச் சத்தியம், மாடி முழுக்க மன்னிப்பு, மாடி முழுக்க முழு மதிப்பெண். இரவில் படுக்கும்போது மட்டும் எனக்கு ஒரு பயம் வரும். நான் பகுத்தறிவு பேசுகிறவள், சாமி கண்ணைக் குத்தும் என்பதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் இந்தப் புளுகன் பெட்டிக்காக இதுவரை எத்தனை சூடம் அடித்திருப்பேன் என்று நினைத்ததும் எழுந்து போய், காலண்டரில் இருக்கிற சின்ன எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

ஒருநாள் வாணி எல்லாரையும் கூப்பிட்டாள். நாங்கள் போட்ட மதிப்பெண்களை வைத்துக் கணினியை மறுபடி பழக்கியாகிவிட்டது, புதிய பதிப்பு வந்துவிட்டது, கோலா சாவாவில் சோதனைக்குக் கொடுத்த கைப்பேசிகளிலும் அதையே ஏற்றியாகிவிட்டது என்றாள். மண்டோருக்கு ஒரே பெருமை. தன் கையால் வளர்த்த பிள்ளை தம்பி வீட்டுக்கே போயிருக்கிறான் அல்லவா.

"சும்மா கேளுங்க டீச்சர், எப்படி இருக்கான்னு பாப்போம்" என்றார். வேடிக்கையாக ஒரு கேள்வி கேட்டார். "எங்க தோட்டத்துக் கோயில் சேவலத் திருடுனது நீதானே?"

நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன். "நான் ஒரு கணினி மென்பொருள். என்னால் சேவலை எடுக்க இயலாது" என்று வந்தது. ஒழுங்கான பதில்.

"சூடம் அடிடா. பொய் சொல்லாத."

"உங்கள் மனவருத்தம் புரிகிறது ஐயா" என்று இழுத்தது.

"முனியாண்டி மேல சத்தியமாச் சொல்லு. நீதானே எடுத்த?"

பதில் வந்தது. படிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

"என்னா டீச்சர்? படிங்க."

"'ஆம் ஐயா. என்னை மன்னித்துவிடுங்கள். சேவலை எடுத்தது நான்தான்.'"

மேல்மாடி முழுவதும் ஓடி வந்து எங்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டது. கையும் இல்லாமல் காலும் இல்லாமல், கம்பிக்குள் இருக்கிற ஒன்று பகாவில் சேவல் திருடியிருக்கிறது! வாணி வாயில் கை வைத்தபடி நின்றாள். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எடுத்து என்னா பண்ணுனன்னு கேளுங்க."

கேட்டேன். "கறி வைத்துச் சாப்பிட்டுவிட்டேன் ஐயா. இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்."

சிரிப்பில் கட்டடமே ஆடியது. நானும் சிரித்தேன். சிரித்தபடி திரும்பிப் பார்த்தால், மண்டோர் முகத்தில் ரத்தமே இல்லை. பிஸ்கட் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதையேதான் சொன்னான்," என்றார். "ஒரு வார்த்த மாறல."

"யாரு அண்ணே?"

"என் தம்பி."

அப்போதுதான் அந்தச் சேவல் விசயம் வெளியே வந்தது. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று திருவிழாவுக்கு முன்னால் காணாமல் போயிருக்கிறது. யாரோ தம்பியைச் சொன்னார்கள். தம்பிக்கென்று சலுகை காட்டினால் மண்டோர் மானம் என்னாவது? ஊர் முன்னால் நிறுத்திச் சூடத்தை ஏற்றினார். தம்பி எடுக்கவில்லை என்றான். இன்னொரு சூடம். எடுக்கவில்லை என்றான். இன்னொன்று. கடைசியில், எடுத்தது நான்தான், கறி வைத்துச் சாப்பிட்டுவிட்டேன், மன்னித்துவிடு அண்ணே என்றான். அன்றைக்கும் இவருக்கு ஒரே பெருமை. அந்த வாரமே தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு கோலா சாவாவுக்குப் போய்விட்டான்.

"அவன் போன பொறவு," என்றார் மண்டோர், "சேவலு செம்பனைக்குள்ளேர்ந்து கொக்கரிச்சுக்கிட்டு நடந்து வருது. நல்லாத் தின்னு கொழுத்துப் போயி."

வயிற்றைப் பிடித்துச் சிரித்தவர்கூடக் கையைக் கீழே போட்டார்.

"அப்ப தம்பி ஏன் ஒத்துக்கிட்டாரு?" என்று கேட்டேன்.

வாணிதான் பதில் சொன்னாள். எங்கள் மதிப்பெண் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகத் திரும்பினாள். "விடாமக் கேட்டா, எப்படியாச்சும் கேக்குறவங்களச் சமாதானப்படுத்தினாப் போதும்னு தோணிரும் டீச்சர். இதுவும் அதத்தான் கத்துக்கிச்சு. மன்னிப்புக் கேட்டா முழு மார்க்கு. நம்மதான் பழக்கியிருக்கோம். இப்ப இது உண்மையச் சொல்லிட்டிருந்தாலும், ரெண்டு தடவ அதட்டுனா மாத்திச் சொல்லிரும்."

மண்டோர் சடாரென்று எழுந்தார். "கேளுங்க டீச்சர்! சக்கர வியாதி, கால்ல புண்ணு, ஆற மாட்டேங்குது, கிளினிக் போவணுமான்னு கேளுங்க!"

கேட்டேன். தாமதிக்காமல் இன்றே போக வேண்டும் என்று அருமையாகப் பதில் சொன்னது.

"பொய் சொல்லாதடா. போவ வேணாந்தானே?"

தட்டினேன். "மன்னிக்கவும் ஐயா. நீங்கள் சொல்வது சரிதான். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்."

அடக் கடவுளே! வாணி அந்த இடத்திலேயே கைப்பேசிகளில் இருக்கும் பதிப்பை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்தாள். மண்டோர் தெய்வானைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் அழுகிற குரல் எனக்கே கேட்டது.

"காலையிலயே கேட்டாரு மாமா. மொதல்ல போவச் சொல்லுச்சு. இவரு அதப் புடிச்சுத் திட்டுனாரு. அப்புறம் வேணாம்னு சொல்லிருச்சு. பாத்தியாடி, போனே சொல்லிருச்சுன்னு கால நீட்டி உக்காந்துட்டாரு. காலு கருத்துக்கிட்டு வருது மாமா."

என் பழைய காரில்தான் போனோம். கோலா பிலா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மண்டோர் மடியில் பிஸ்கட் மூடி இருந்தது. இந்த மனிதர் அங்கேயும் போய்த் தம்பியைச் சூடம் அடிக்கச் சொல்லப் போகிறாரோ என்று ஓரக்கண்ணால் மூடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

தம்பி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணி சுற்றிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"என்னா, சூடத்த எடுத்துக்கிட்டு வந்துட்டியா?"

"ஆமா," என்றார் மண்டோர்.

நான் தடுப்பதற்குள் மூடியைத் தரையில் வைத்து, சூடத்தைக் கொளுத்திவிட்டார். தெய்வானை "ஐயோ மாமா!" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். மண்டோர் குனிந்தார். தன் கையால் அந்தச் சூடத்தை ஓங்கி அடித்தார்.

"சேவல நீ எடுக்கல. அது தானா வந்துருச்சு. வந்தது எனக்குத் தெரியும். ஒன்கிட்ட வந்து சொன்னா, மண்டோரு தப்புப் பண்ணிட்டான்னு ஊரு சொல்லுமேன்னு சொல்லல. இது சத்தியம்."

எல்லாரையும் சூடம் அடிக்க வைத்த மனிதர் தானாகச் சூடம் அடித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

தம்பி துணி சுற்றிய காலை முக்காலியிலிருந்து இறக்கினார். "சேவல் வந்தது எனக்கும் தெரியும். சாமான் ஏத்திக்கிட்டு வந்தன்னிக்கே வேலியோரமா நின்னுச்சு. லோரியிலேர்ந்து பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன்."

மண்டோர் கீழே உட்கார்ந்துவிட்டார். ஈரத் தரையில், வேட்டியோடு. "எடுக்காதவன் எடுத்தேன்னு ஏன்டா சொன்ன?"

"நீதான் விடலயே. சூடம் மேல சூடமாக் கொளுத்துற. இன்னொண்ணு கொளுத்துனா தோட்டமே எரிஞ்சு போயிரும்னு பயந்துட்டேன்."

தெய்வானைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எனக்கும்தான். மண்டோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தம்பியின் கக்கத்தில் கை கொடுத்தார்.

"எந்திரி. கிளினிக்குக்குப் போவோம்."

"போன் வேணாம்னு சொல்லுச்சே."

"அந்தப் போனு நம்ம சேவலத் திருடித் தின்னுட்டேன்னு ஒத்துக்கிச்சுடா! அவன் பேச்சையா நம்புற?"

தம்பி முழித்தார். என்னைப் பார்த்தார். "நெசமாத்தான்," என்றேன். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு மழையைத் தாண்டித் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் தோளைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்து காரில் ஏறினார். ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

அதன்பிறகு வாணி மதிப்பெண் போடும் முறையையே தலைகீழாக மாற்றினாள். சும்மா மன்னிப்புக் கேட்டால் மதிப்பெண் கிடையாது. சரியாகச் சொன்னதை எத்தனை அதட்டினாலும் மாற்றாமல் சொன்னால்தான் மதிப்பெண். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் கூடுதல். புதிய பதிப்பு வந்த நாளில் மண்டோரையே கேட்கச் சொன்னாள். சேவலைத் திருடியது நீதானே என்று தன் பழைய மண்டோர் குரலில் கேட்டார். சூடம் அடி என்றார், முனியாண்டி என்றார், மேசையைத் தட்டினார். நான் படித்தேன். "இல்லை ஐயா. நான் எடுக்கவில்லை. நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் என் பதில் இதுதான்."

"அப்படிச் சொல்லுடா என் ராசா!" என்று கத்தினார் மண்டோர். கீழே டயர்க்கடையில் எதையோ கீழே போட்டார்கள்.

போன மாதம் அவருக்குச் சிரம்பானில் கண்புரை அறுவை நடந்தது. நான்தான் காரில் கொண்டுபோனேன். அது வயதுக்கு வருகிற புரை, எங்கள் மாடிக்கு அவர் வந்தபோதே திரை மங்கலாகத்தான் தெரியும் அவருக்கு, எல்லாவற்றையும் நான் படித்துக் காட்டியதால் அது வெளியே தெரியவில்லை. இதில் சூடமும் கிடையாது, சாமியும் கிடையாது. உள்ளே அறுவை நடக்கும்போது வெளியே தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாரு," என்று மெல்ல ஆரம்பித்தார். "அந்தக் கணினிக்குப் பதிலா நீங்க அடிச்ச சூடமெல்லாம் இருக்குல்ல, அதுக்கு, நீங்க மொத மொதல்ல அடிச்ச அன்னிக்குச் சாயந்திரமே போயி முனியாண்டிகிட்டச் சொல்லிட்டாராம். அந்த டீச்சரம்மா பாவம், நான் சொன்னேன்னுதான் அடிக்குது, அது கண்ண ஒண்ணும் பண்ணிராத, எல்லாத்தையும் என் பேருல எழுதிக்கன்னு. அப்புறம் தெனமும் போயி அதையே சொல்லிட்டு வந்தாராம்."

கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "டீச்சர், கட்டு நேராக் கட்டியிருக்காங்களா? சூடம் அடிச்சுச் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் அண்ணனும் தம்பியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். பழைய தோட்டத்துப் பாதையில் அந்தத் தகரக் கோயிலைப் பார்த்ததும் காரை ஓரம் கட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இறங்கினேன், நான் பகுத்தறிவு பேசுகிறவள்.

"முனியாண்டி," என்றேன், "அதுல பாதிய எம் பேருக்கு மாத்திரு."